நடுவிரலில் ஒரு வெட்டு: பீடி சுற்றும் பெண்ணின் ஐந்து வாரம்

எதற்காக இந்தப் பதிவு

அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் 24 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திருநெல்வேலிச் சீமையில், முக்கூடல் வட்டாரத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு விரலில் வெட்டுப்பட்டாலும், முள் ஏறினாலும், கதவிடுக்கில் நகம் நசுங்கினாலும் முதலில் என் வீட்டு நடையில் வந்துதான் உட்காருவார்கள். அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே ஆறக்கூடியவை, ஆறியும் இருக்கின்றன. ஆகவே சின்னக் காயத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

வீட்டில் பார்த்துக்கொள்வது சரி. எதுவரைக்கும் வீட்டில் என்று முதல் நாளே ஒரு கெடு வைத்துக்கொள்ளாததால், ஒரு சென்டிமீட்டர் வெட்டு ஐந்து வாரக் கூலியைத் தின்றுவிட்டது. அந்தக் கெடுவை வைக்கத் தவறியவர்களில் நானும் ஒருத்தி. சம்பந்தப்பட்ட பெண்ணும் அவருடைய மாமியாரும் இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுகிறேன். பேர்களையும் தெருவையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 43. பன்னிரண்டு வயதில் சுளகின் முன் உட்கார்ந்தவர். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் வைத்துச் சுற்றி, கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாளொன்றுக்கு 700, 800 சுற்றுவார். விரல் நின்றால் கூலியும் அன்றே நிற்கும்.

இலையை முந்தின இரவு நனைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார்கள். பதமானதும் அளவுத் தகட்டை இலைமேல் வைத்து, தகட்டின் ஓரமாகக் கத்தரியை ஓட்டி வெட்டுவார்கள். இடக்கை விரல்கள் தகட்டையும் இலையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். வெட்டின இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டுவது, நூல் கட்டுவது, வாயை மடக்குவது எல்லாமே விரல்நுனியில் நடக்கும் வேலை. அந்த நுனிகளில் ஈரமும் புகையிலைத் தூளும் படியாத நேரம் பகலில் கிடையாது.

வீட்டில் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், பள்ளிக்குப் போகும் மகன், எழுபதைத் தாண்டிய மாமியார். அந்த மாமியாரைத் தெருவே ஆச்சி என்றுதான் கூப்பிடும். அவரும் ஐம்பது ஆண்டு பீடி சுற்றியவர். கண் மங்கியதால் இப்போது கட்டு மட்டும் போடுகிறார். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எத்தனையோ காயங்களை ஆற்றிய கை அது.

இன்னும் இரண்டு விவரங்கள் பின்னணியில் இருந்தன. அந்தப் பெண்ணின் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் புண் வைத்து, ஒரு விரலை எடுத்தார்கள். இந்தப் பெண்ணும் சில மாதங்களாக இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுந்துகொண்டிருந்தார். இரண்டும் எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தன.

முதல் நாள், திங்கட்கிழமை

ஐப்பசி மழை. அடுத்த வாரம் தீபாவளி. சனிக்கிழமைக் கணக்குக்குள் அதிகமாகச் சுற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் இலை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஈர இலையில் தகடு வழுக்கிக் கத்தரி முனை இடக்கை நடுவிரலின் நுனிச் சதையில், நகத்தின் ஓரத்தை ஒட்டி இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் நீளம். ஆழம் அதிகமில்லை. விரல் மடங்கியது, நிமிர்ந்தது, நுனியில் உணர்ச்சி இருந்தது.

ஆச்சி உடனே அடுக்களைக்குப் போய்க் காப்பித்தூளை எடுத்து வந்து வெட்டின்மேல் வைத்து அமுக்கினார். இரத்தம் நின்றது. பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினார். "தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், பட்டால் சீழ் பிடிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் மறுபடி சுளகின் முன் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் இதுவேதான் நடக்கும். இரத்தத்தை நிறுத்தியது ஆச்சியின் கட்டைவிரல் அழுத்தம். காப்பித்தூள் இல்லாமல் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம், நடுவில் திறந்து பார்க்காமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாலும் நின்றிருக்கும். தூள் செய்த வேலை வேறு. வெட்டின் இரண்டு உதடுகளுக்கும் இடையில் புகுந்து, இரத்தத்தோடு சேர்ந்து கெட்டியாகி, உள்ளே இருந்த அழுக்கை மூடி வைத்துவிட்டது. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல், பற்பசை எதை வைத்தாலும் இதே கதைதான்.

தண்ணீர் படக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. புதுக் காயத்துக்கு முதல் மருந்தே தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு, காயத்தைச் சற்று விரித்துப் பிடித்து ஐந்து நிமிடமாவது கழுவ வேண்டும். எரியும், மறுபடி கொஞ்சம் இரத்தம் கசியும், பயப்பட வேண்டியதில்லை. குடிக்கத் தகுந்த தண்ணீர் காயம் கழுவவும் தகும். அதன்பின் துடைத்து உலர்த்தி, மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் காஸ் துணியை வைத்து, விரல்நுனி கறுக்காத அளவுக்குத் தளர்வாகச் சுற்றினால் போதும்.

ஆச்சி தண்ணீருக்குப் பயந்தார். ஆனால் அந்தக் கிழிசல் நாள் முழுவதும் நனைந்த இலையில் புரண்டுகொண்டிருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று பகலும் அதே துணிதான் விரலில் இருந்தது. ஈரமும் தூளும் சேர்ந்து அது கறுத்துப்போயிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள், புதன் இரவு

ஏழரை மணிக்கு வந்தார். "அக்கா, விரல் கனமாக இருக்கிறது, லேசாகக் குத்துகிறது" என்றார். கட்டு காயத்தோடு ஒட்டியிருந்தது. பிய்க்காமல், காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் விரலைக் கால்மணி நேரம் ஊறவைத்துக் கழற்றினேன். உள்ளே காப்பித்தூள் பொருக்காக இறுகியிருந்தது. கழுவக் கழுவத் துணுக்குகளாக வந்தது. வெட்டின் ஓரங்கள் ஊறி வெளுத்திருந்தன. நகத்தின் ஓரச் சதை சிவந்து, தடித்து, தொட்டால் வலித்தது. சீழ் தெரியவில்லை. நுனிச் சதை மெத்தென்றுதான் இருந்தது. காய்ச்சல் இல்லை.

நகச்சுற்று தொடங்குகிறது என்று தீர்மானித்தேன். சீழ் கோக்காத நிலையில் வெந்நீர் ஒத்தடத்திலேயே இது அடங்குவதுண்டு. எனவே நான் சொன்னவை: வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை விரலை அமிழ்த்தி வைக்க வேண்டும்; தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்; பிறகு நன்றாக உலர்த்திப் புதுத் துணி சுற்ற வேண்டும்; இரண்டு நாள் இலையைத் தொடக் கூடாது; நாளை மாலை வந்து காட்ட வேண்டும்.

டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்டேன். மகன் வயிற்றில் இருந்தபோது என்றார். 16 ஆண்டுகள் ஆகிவிட்டன. அழுக்குப் பட்ட காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போட வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து ஆண்டு. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுவிடச் சொன்னேன். (இப்போது போடுவது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசி, ஊர் வாயில் பழைய பேரே நிற்கிறது.) போனால் அரை நாள் வேலை கெடும் என்று அவர் போகவில்லை.

அன்று இரவு நான் செய்த தவறுகளைத் தனியே சொல்ல வேண்டும். சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது உண்டா என்று நான் கேட்கவில்லை. என் கணவருக்காக வாங்கிய குளுக்கோமீட்டர் நாங்கள் உட்கார்ந்திருந்த நடையிலிருந்து பத்தடி தூரத்தில், அலமாரியில் இருந்தது. ஒரு சொட்டு இரத்தம் போதும். ஒல்லியான உடம்பு, ஓயாத வேலை என்று பார்த்துப் பழகிய கண் கேள்வியை எழுப்பவே இல்லை.

அடுத்தது, துணைக்கு வந்த ஆச்சியைத் தெருவில் நாலு பேர் காதில் விழும்படி கடிந்துகொண்டது. "காயத்தில் காப்பித்தூள் வைக்கலாமா, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்" என்று குரலை உயர்த்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் நடந்ததற்கு இந்தக் கடுமையும் ஒரு காரணம்.

நான்காம் நாளும் அந்த இரவும்

வியாழக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக நான் தென்காசி போய்விட்டேன். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. எனக்குப் பதிலாக விரலைப் பார்க்க யாரையும் ஏற்பாடு செய்யவுமில்லை.

காலையில் ஒருமுறை வெந்நீரில் விரலை வைத்திருக்கிறார். பிறகு வேலை. வலி கூடியதும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்ததால் என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வேளை சாப்பிட்டதும் குத்தல் மட்டுப்பட்டது. ஆறுகிறது என்று நம்பி 300 பீடி சுற்றியிருக்கிறார். விரலுக்குள் சீழ் சேர்ந்துகொண்டிருக்க, வலி மாத்திரை அதன் குரலை மட்டும் அமுக்கி வைத்திருந்தது.

சாயங்காலம் ஆச்சி எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, காம்புப் பக்கம் குடைந்து, உப்பும் மஞ்சளும் வைத்து விரலில் செருகிவிட்டார். நகச்சுற்றுக்கு நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். குளிர்ச்சியாக இருப்பதாலும், விரலை அசையாமல் நிமிர்த்திப் பிடிப்பதாலும் கொஞ்ச நேரம் இதம் தெரியும். ஆனால் ஊறிப்போன தோலை அந்தப் புளிப்பு மேலும் ஊறவைக்கும். எல்லாவற்றையும்விட, விரல் கண்ணிலிருந்து மறைந்துபோகும். அன்று மாலை ஆறு மணியிலிருந்து விடியும்வரை அந்த விரலை யாரும் பார்க்கவில்லை. எனக்குச் சொல்லி அனுப்பலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள். "அவள் வந்தால் மறுபடியும் ஏசுவாள், பழுத்தால் தானாக உடையும்" என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

இரவு பதினொன்றுக்கு மேல் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. கையைத் தொங்கவிட்டால் தாங்க முடியவில்லை. திண்ணைத் தூணில் முதுகைச் சாய்த்து, வலக்கையால் இடக்கை மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியபடி இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார் என்று அவருடைய கணவர் சொன்னார். நான்கு மணிக்கு எலுமிச்சம்பழத்தைக் கழற்றி எறிந்திருக்கிறார்.

விரல் வலி ஒரு இரவுத் தூக்கத்தை முழுவதுமாகக் கெடுத்தால் உள்ளே சீழ் கோத்திருக்கிறது, இனி ஒத்தடத்துக்கு வேலையில்லை என்பது அறுவைப் பிரிவில் நாங்கள் பாடமாகவே கேட்டது. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. புதன் இரவு நான் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஐந்தாம் நாள் விடியல்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். நள்ளிரவில்தான் நான் ஊர் திரும்பியிருந்தேன். நடுவிரலின் நுனி ஒரு சுற்றுப் பெருத்து, தோல் இழுபட்டுப் பளபளத்தது. புதன்கிழமை மெத்தென்றிருந்த நுனிச் சதை, இப்போது விறைத்த ரப்பர்போல அமுங்க மறுத்தது. மெல்லத் தொட்டதற்கே உடம்பு தூக்கிப்போட்டது. புறங்கை வீங்கி, எலும்புக் கணுக்கள் தெரியாமல் மூடியிருந்தன. அக்குளில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் 100.8.

தொற்று நகச்சுற்றைத் தாண்டி விரல்நுனிச் சதைக்குள் இறங்கிவிட்டது. அந்தச் சதை ஒரே பையாக இருப்பதில்லை. மாதுளம்பழத்துக்குள் வெள்ளைத் தோல் சுவர்கள் ஓடுவதுபோல, தோலிலிருந்து எலும்புவரை நார்ச்சுவர்கள் ஓடி அதைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. சீழ் சேர்ந்தால் பரவ இடமில்லை. அழுத்தம் ஏறி, இரத்தக் குழாய்களை நெரித்து, கடைசியில் எலும்பையே அரிக்கும். அதனால்தான் இவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு வலி.

அடுத்து நான் பார்த்தது தசைநார் உறை. விரலை மடக்கும் நாரைச் சுற்றி உறை ஒன்று இருக்கிறது. தொற்று அதற்குள் புகுந்தால் மணிக்கணக்கில் விரல் பாழாகும். கனாவெல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்த நான்கு அடையாளங்களை இன்றும் மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள்: விரல் முழுவதும் வீங்கியிருப்பது, பாதி மடங்கியே நிற்பது, உறை ஓடும் வழியெங்கும் தொட்டால் வலிப்பது, மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போவது. இவருக்கு வலி நுனியோடு நின்றது. விரலை நானே பிடித்து நிமிர்த்த முடிந்தது. அந்த மட்டில் நிம்மதி.

அப்போதுதான் சர்க்கரையைக் கேட்டேன். தாயாரின் கால்விரல், இரவில் மூன்று முறை எழுவது, ஓயாத தாகம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அலமாரியைத் திறந்து குளுக்கோமீட்டரை எடுத்தேன். நன்றாகக் கழுவின வலக்கை விரலில் சொட்டு எடுத்துப் பார்த்தபோது 286 மில்லிகிராம் காட்டியது.

நான் எடுத்த முடிவுகள் மூன்று.

முதலாவது, வீட்டில் எதையும் கீறக் கூடாது. ஊசியை நெருப்பில் காட்டி நானே குத்திவிட வேண்டும் என்று கணவர் கெஞ்சினார். பஸ் செலவும் மிஞ்சும், வலியும் உடனே தீரும் என்று அவருக்கு எண்ணம். மறுத்தேன். ஊசியால் ஓர் அறையைத் திறந்தால் மற்ற அறைகள் அப்படியே இருக்கும். குத்துகிற இடம் தவறினால் உணர்ச்சி நரம்பு அறும், அல்லது இன்னும் கெடாமலிருக்கிற உறைக்குள் சீழை நாமே கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

இரண்டாவது, மோதிரம். பக்கத்து விரலில் நெளி மோதிரம் போட்டிருந்தார். புறங்கை வீக்கம் அதுவரை வந்து, மோதிரம் சதைக்குள் பதிந்திருந்தது. சோப்புத் தண்ணீருக்கு வரவில்லை. அவர்கள் வீட்டுப் பீடிக்கட்டு நூலையே கேட்டேன். ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கமாக இழுத்து விட்டுவிட்டு, மறு நீளத்தை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, இடைவெளி விடாமல் கணுவைத் தாண்டும்வரை விரலில் நெருக்கிச் சுற்றினேன். பிறகு உள்ளங்கைப் பக்கத்து முனையைப் பிடித்து நுனியை நோக்கி அவிழ்க்க அவிழ்க்க, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி வந்தது. நான்கு நிமிடம் ஆயிற்று. கையில் எந்தக் காயம் பட்டாலும் முதல் அரைமணி நேரத்திலேயே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டால் இந்தப் பாடே இல்லை.

மூன்றாவது, நேரே பெரிய அரசு மருத்துவமனை. ஊசி போடவும் கட்டுப் போடவும் ஆரம்ப சுகாதார நிலையம் போதும். இந்த விரலுக்குக் கத்தியும் எக்ஸ்ரேயும் வேண்டும். துண்டால் கையை நெஞ்சின்மேல் உயர்த்திக் கட்டினேன். ஆறேகால் பஸ்ஸில் நானும் கூடப் போனேன்.

மருத்துவமனையில்

எக்ஸ்ரேயில் எலும்பு கெடவில்லை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டு, மருத்துவர் நுனிச் சதையை நெடுக்காகக் கீறி, உள்ளே இருந்த சுவர்களைத் திறந்துவிட்டார். வந்த சீழில் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சீழோடு மிளகின் பாதி அளவில் கறுப்பாக ஒரு துணுக்கும் வந்தது. காப்பித்தூளா புகையிலைத் தூளா என்று சொல்ல முடியவில்லை.

டெட்டனஸ் ஊசி, நரம்பு வழியாக மருந்து, இன்சுலின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 10.4 சதவீதம்; 6.5 இருந்தாலே நீரிழிவு என்பார்கள். சர்க்கரை நெடுநாளாகவே இருந்திருக்கிறது. அதை விரல் காட்டிக்கொடுத்தது. நான்கு இரவு தங்கிவிட்டு வீடு திரும்பினார். சீழில் இருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி.

பின்னர் நடந்தவை

கட்டு மாற்றுவது முதல் வாரம் சுகாதார நிலையத்தில், பிறகு என் வீட்டில். பதினோராம் நாள் கசிவு நின்றது. நான்காம் வார முடிவில் கீறல் மூடியது. கீறின மூன்றாம் நாளிலிருந்தே விரலை மணிக்கொருமுறை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார்கள். வலிக்குப் பயந்து அவர் அசைக்காமல் வைத்திருந்ததால் பக்கத்து விரல்களும் இறுகத் தொடங்கின. வெதுவெதுப்பான தண்ணீருக்குள் கையை வைத்து மடக்கப் பழக்கிய பிறகு இளகிவிட்டன.

ஐந்து வாரம் கூலி இல்லை. தீபாவளிக்கு அவர் கணக்கில் முன்பணம் வாங்கியதுதான் மிச்சம். மகள் கல்லூரி விட்டு வந்து இரவு பத்து மணிவரை சுற்றினாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனது கேட்பதில்லை.

வீடு தேடி வந்து சர்க்கரை பார்ப்பதற்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கு முன்பே வந்திருக்கிறார். வேலையை விட்டு எழ மனமில்லாமல் இவர் அனுப்பிவிட்டார். இப்போது அதே தன்னார்வலர் சர்க்கரை மாத்திரையைத் திண்ணைக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்.

நான் மாற்றிக்கொண்டவை

காயத்தோடு யார் வந்தாலும், அது எவ்வளவு சிறியதானாலும், சர்க்கரையைக் கேட்கிறேன். நாற்பதைத் தாண்டியவர் என்றால் கேட்பதோடு நிறுத்தாமல் ஒரு சொட்டு எடுத்தும் பார்க்கிறேன். சர்க்கரை இருப்பவர் விரல் காயத்தை முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர்களுக்கு வீட்டில் காத்திருக்கும் சலுகை கிடையாது.

சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பால்பாயின்ட் பேனாவால் தோலில் கோடு போட்டு அனுப்புகிறேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்பிவிட வேண்டும். இதற்கு என் கண் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் வலி கூடினாலும், வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தாலும் அதேதான். கெடுவைக் காயம் பட்டவரிடம் மட்டும் சொல்லாமல் வீட்டில் இன்னொருவரிடமும் சொல்கிறேன். வேலைக்குப் போக வேண்டியவர் தன் விரலுக்குச் சாதகமாகத்தான் பேசுவார்.

கெடுவே வேண்டாத காயங்களும் உண்டு. கால்மணி நேரம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, வெட்டுக்கு அப்பால் மரத்திருக்கிறது, விரல் மடங்கவோ நிமிரவோ மறுக்கிறது, எலும்பு கோணியிருக்கிறது என்றால் கட்டிக்கொண்டு நேரே கிளம்ப வேண்டியதுதான். நாயோ பூனையோ கடித்தால் சோப்புத் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும். நுனி துண்டாகிவிட்டால் துண்டை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும். துண்டு பனிக்கட்டியில் நேராகப் படக் கூடாது.

ஆச்சியிடம் நான் போய்ப் பேசினேன். ஏசியது தப்பு என்று சொன்னேன். எலுமிச்சம்பழத்தைக் குறை சொல்லாமல், குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காயம் கழுவுவது எப்படி என்று என் கையிலேயே செய்து காட்டினேன். "இவ்வளவு தண்ணீரா?" என்று கேட்டார். தெருவில் பீடி சுற்றுகிற ஆறு வீடுகளில் இப்போது சுளகுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டப்பா இருக்கிறது. ஒரு சோப்பு, நான்கு காஸ் பொட்டலம், ஒட்டும் நாடா, ஒரு பேனா. காயம் ஆறும்வரை விரலில் மாட்டிக்கொள்ள ரப்பர் விரலுறையும் வாங்கி வைத்தோம். அதை மாட்டினால் இலை நழுவுகிறது என்று யாரும் மாட்டுவதில்லை. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ஆச்சி என் நடைக்கு வந்தார். அரிவாள்மனையில் கீரை அரியும்போது கட்டைவிரலில் பட்டிருந்தது. கழுவி, துணி சுற்றியிருந்தார். சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. சிவப்பு எதுவும் இல்லாததால் கோடு போடவில்லை. "கோடு போடாமல் நாளைக்கு எதை வைத்துப் பார்ப்பது?" என்று பேனாவை எடுத்து நீட்டினார். போட்டுவிட்டேன்.

மருமகள் இப்போது 600 சுற்றுகிறார். நடுவிரல் நுனியில் நூல் படும்போது தூரத்தில் எங்கோ படுவதுபோல இருக்கிறது என்கிறார்.